பந்தும் கணக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் கற்றறிந்த பெருமக்கள் பேசுவார்கள். குறளின் பெருமையும் கம்பனின் கவிநயமும் நம் செவிகளை நிறைக்கும். இவ்வாண்டோ, மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதும் ஒரு குமாஸ்தாவைச் சங்கத்தார் அழைத்து நிறுத்தியிருக்கிறார்கள். "விடுமுறைக்குச் சென்ற இடத்தில் நீங்கள் நால்வரும் கோல்ப் ஆடினீர்களாமே, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்று பணித்தார்கள். இங்கே பேசுவது ஒரு வாய். பேசப்படுவது நால்வரின் அனுபவம். ஆகவேதான் 'நாங்கள்' என்றே சொல்லிக்கொண்டு போகிறோம்.

கோல்ப் எங்கே, காஞ்சன்பாக் காலனிக் குடும்பங்கள் எங்கே என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அந்த எண்ணம் எங்களுக்கும் இருந்தது. இவ்வூரிலேயே, கோல்கொண்டாக் கோட்டையின் ஒரு பகுதியான நயா கிலாவினுள் கோல்ப் திடல் ஒன்று இருக்கிறது. கோட்டையைச் சுற்றிக் காட்ட ஊரிலிருந்து வரும் உறவினரை எத்தனையோ முறை அழைத்துச் சென்றிருக்கிறோம். திடலின் பக்கம் திரும்பியும் பார்த்ததில்லை. அது செல்வர்களின் இடம் என்று நாமே ஒரு வேலி போட்டுக்கொண்டோம்.

அந்த வேலியைத் தாண்டத் தூண்டியவர் எங்களுள் ஒருவர். அவர் நம் காலனியை அடுத்த மிதானி உலோகத் தொழிற்சாலையில் உலைப் பட்டறையில் பணியாற்றுகிறார். அங்கே டைட்டானியம் உருக்குகிறார்கள்; மாரேஜிங் எஃகு என்னும் உயர்ந்த எஃகையும் ஆக்குகிறார்கள். விண்கலங்களுக்கும் ஏவுகணைகளுக்கும் வேண்டும் உலோகங்கள் இவை. உலகெங்கும் விலையுயர்ந்த கோல்ப் மட்டைகளின் தலையை டைட்டானியக் கலவையால் செய்கிறார்கள் என்றும், பந்தில் மோதும் முகத்தகட்டுக்கு மாரேஜிங் எஃகைக் கையாளுவது உண்டு என்றும் அவர் எங்கோ படித்திருந்தார். "நாள்தோறும் நாம் உருக்கும் உலோகத்தைக் கையில் பிடித்து ஒரு முறையேனும் வீச வேண்டாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதானே!

ஆகவே நான்கு குடும்பங்களும் சேர்ந்து கோடைக்கானல் செல்வதென்று முடிவாயிற்று. ஒருவருக்கு இரயில்வே பாஸ். மற்ற மூவருக்கும் பயணச்சீட்டு. சென்னை வரை ஓர் இரவு. எழும்பூரிலிருந்து பாண்டியன் விரைவு வண்டியில் மற்றோர் இரவு. விடியும் வேளையில் கொடை ரோடு நிலையத்தில் இறங்கினோம். அம்மையநாயக்கனூர் என்பது அந்நிலையத்தின் பழைய பெயர். அங்கிருந்து மலைமேல் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ஏழாயிரம் அடி உயரத்தில் நம்மை வரவேற்பது குளிர்; கோடையிலும் குளிர்.

கோடைக்கானல் கோல்ப் மன்றம் 1895-ஆம் ஆண்டில் தோன்றியது. தூண் பாறைக்குச் செல்லும் சாலையில், காட்டை ஒட்டி, மேடும் பள்ளமுமாய் விரிந்து கிடக்கிறது அதன் திடல். புல் மேயக் காட்டெருமைகள் திடலுக்கே வந்து நிற்பது உண்டு. அவற்றிற்கு உறுப்பினர் சந்தா கிடையாது. உறுப்பினர் அல்லாத மனிதர்களோ கட்டணம் செலுத்தி ஆடலாம். மட்டைகளும் வாடகைக்குக் கிடைக்கும். நால்வரும் பணம் சேர்த்து ஒரு சுற்று ஆடத் துணிந்தோம். எங்கள் வீட்டுப் பெண்மணிகள், "வெள்ளைப் பந்தைக் குழியில் தள்ள இத்தனை ரூபாயா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் இந்தப் பேச்சே அமைந்திருக்கிறது.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். ஒரு முழுத் திடலில் 18 குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியின் வாயும் நாலேகால் அங்குல அகலம். பந்தின் குறுக்களவு 1.68 அங்குலத்துக்குக் குறையலாகாது. ஆட்டக்காரர் பதினான்கு மட்டைகளுக்கு மேல் எடுத்துச் செல்லலாகாது. புறப்படும் மேட்டிலிருந்து பந்தை அடித்து, அது விழுந்த இடத்துக்கு நடந்து, கிடந்தபடியே மறுபடியும் அடித்து, இறுதியில் குழிக்குள் சேர்க்க வேண்டும். மிகக் குறைந்த அடிகளில் முடித்தவர் வென்றவர். பெரும்பாலான திடல்களில் தேர்ந்தவர் ஒருவர் 18 குழிகளையும் 72 அடிகளில் அல்லது அதற்குச் சற்று முன்பின்னாக முடிக்க வேண்டும் என்பது கணக்கு. நாங்கள் ஒன்பது குழிகளே ஆடினோம். அந்த ஒன்பதுக்கே எங்களுள் சிறந்தவர் 72-ஐத் தாண்டிவிட்டார். மற்றவர்களின் எண்ணிக்கையை இச்சபையில் வெளியிடுவது நட்புக்கு அழகன்று.

இந்த ஆட்டத்தின் தாயகம் ஸ்காத்லாந்து. அங்கே 1457-ஆம் ஆண்டில், இளைஞர்கள் விற்பயிற்சியை விட்டுவிட்டுக் கோல்ப் ஆடப் போகிறார்கள் என்று அரசாங்கமே இதைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. ஆட்டத்தை ஆங்கிலேயர் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தனர். கல்கத்தா மன்றம் 1829-ஆம் ஆண்டிலேயே அமைந்தது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இன்றும் இயங்கும் மன்றங்களுள் அதுவே மிகப் பழையது. இலங்கையில் கொழும்பு மன்றம் 1879-இல் எழுந்தது. அந்தத் திடலின் குறுக்கே களனிப் பள்ளத்தாக்கு இரயில் பாதை ஓடுகிறது. வண்டி வரும்போது மட்டையை ஊன்றிக்கொண்டு ஆட்டக்காரர்கள் காத்து நிற்பார்கள். எத்துணைப் பெரிய செல்வரும் இரயிலுக்கு வழிவிட்டே ஆகவேண்டும் என்று கேட்கும்போது இரயில்வே ஊழியர் நெஞ்சு நிமிராதா!

இனி எங்கள் ஆட்டத்துக்கு வருவோம். ஆட்டக்காரரின் பையைச் சுமந்து வழிகாட்டும் உதவியாளரை ஆங்கிலத்தில் அழைக்கும் சொல் தமிழில் 'கேடி' என்று ஒலிக்கும். நம்மூரில் அச்சொல்லுக்குக் காவல் நிலையத்தில் வேறு பொருள் உண்டாகையால், நாங்கள் 'பெரியவர்' என்றே அழைத்தோம். அவர் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர் பையைச் சுமந்தவர். காற்று எப்பக்கம் வீசும், எந்தச் சரிவில் பந்து உருளும், எந்தப் புதரில் புகுந்தால் மீளாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். உயர்ந்த மலையில் காற்று இலேசாக இருப்பதால் பந்து சற்றுக் கூடுதலாகப் பறக்கும் என்பதையும் அவரே சொன்னார். ஆனால் அது நன்றாக அடிப்பவர்க்கு என்று உடனே சேர்த்துக்கொண்டார்.

முதல் வீச்சிலேயே எங்களுள் ஒருவர் பலத்தையெல்லாம் திரட்டி மட்டையைச் சுழற்றினார். மட்டை சென்று மீண்டது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. "இதை விட்டுவிடலாம் அல்லவா?" என்று அவர் கேட்டார். பெரியவர் சிரித்துக்கொண்டே, "பந்துல படலேன்னாலும் கணக்குல படும் சார்" என்றார். அடிக்க வேண்டும் என்று எண்ணி வீசிவிட்டால் அது ஓர் அடிதான். அதுவே விதி.

அன்பர்களே, அந்த ஒரு சொல் எங்களுக்குப் பெருவிளக்கமாக அமைந்தது. கிரிக்கெட்டில் நடுவர் உண்டு. கால்பந்தில் ஊதல் உண்டு. கபடியில் கோட்டைக் காக்க ஆள் உண்டு. கோல்ப் திடலிலோ பெரும்பாலான ஆட்டங்களில் நடுவர் எவரும் உடன் வருவதில்லை. பந்து புதருக்குள் போனால் அங்கே இருப்பது ஆட்டக்காரர் ஒருவரே. அடித்தது நான்கா ஐந்தா என்பதை அவரே சொல்ல வேண்டும். போட்டி ஆட்டத்தில் உடன் ஆடுபவர் சீட்டில் குறித்துக்கொள்வார். ஆட்டக்காரர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் எழுதும் கணக்கை இன்னொருவர் சரிபார்ப்பார். அதை மேலாளர் ஒப்புவார். அதற்கும் மேல் தணிக்கையாளர் வருவார். இத்தனை கண்கள் இருந்தும் ஒரு ரூபாய் எங்கேயாவது ஒளிந்துகொள்கிறது. இங்கே, பெரும் பரிசுகள் கிடைக்கும் ஒரு விளையாட்டில், கணக்கை ஆட்டக்காரரின் மனச்சான்றிடம் ஒப்படைத்திருக்கிறார்களே என்று வியந்தோம்.

அந்த வியப்பு நீங்குமுன்பே சோதனையும் வந்தது. ஆறாவது குழியில் உலோகத் தொழிற்சாலை நண்பர் அடித்த பந்து மரங்களுக்குள் சென்று மறைந்தது. தேடுவதற்கு மூன்று நிமிடமே உண்டு. தேடினோம். நண்பர் புதரடியிலிருந்து ஒரு வெள்ளைப் பந்தை எடுத்துவந்தார். அதே நிறுவனத்துப் பந்து, அதே அளவு. ஆனால் புறப்படுமுன் பெரியவர் சொன்னபடி நால்வரும் பேனாவால் பந்தில் புள்ளி வைத்திருந்தோம். அப்பந்தில் புள்ளி இல்லை. என்றோ எவரோ தொலைத்த பந்து அது. அவர் வாய் திறவாமல் அதையே அடித்திருந்தால் எங்களில் எவருக்கும் தெரிந்திராது. "இது என் பந்து அன்று" என்றார். தண்டனையாக ஓர் அடி. மேலும், அடித்த இடத்துக்கே திரும்பி நடந்து புதிதாய்த் தொடங்க வேண்டும். சீட்டை எழுதிக்கொண்டு உடன் வந்தவள் அவருடைய பதினொரு வயது மகள். அவள் தந்தையின் முகத்தைப் பார்த்தாள். "எழுதம்மா" என்றார். அந்தக் குழிக்கு அவர் கணக்கு பதினொன்று. தன் வயதையே தந்தை அடித்துவிட்டார் என்று அவள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறாள். ஆனால் அந்த எண்ணை அவள் எழுதும்போது சிரிக்கவில்லை என்பதை நாங்கள் கவனித்தோம்.

பெரிய அரங்கங்களிலும் இது நிகழ்ந்திருக்கிறது. 1925-ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியில் பாபி ஜோன்ஸ் என்னும் மாபெரும் ஆட்டக்காரர் பந்தை அடிக்க நின்றபோது அது இம்மியளவு அசைந்தது. வேறு எவரும் காணவில்லை. தாமே முன்வந்து தண்டனை அடி ஒன்றைத் தம் கணக்கில் சேர்த்தார். நான்கு சுற்று முடிவில் இருவர் சமநிலையில் நின்றனர். மறு ஆட்டத்தில் ஜோன்ஸ் தோற்றார். அந்த ஓர் அடியைச் சேர்க்காமல் இருந்திருந்தால் மறு ஆட்டமே வேண்டியிராது, வெற்றி அவருடையது.

மற்றொரு நிகழ்ச்சி, எங்களைப் போன்ற குமாஸ்தாக்கள் சுவரில் எழுதி வைக்கத்தக்கது. 1968-ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதி நாள். அர்ஜென்டீனா நாட்டு ராபர்ட்டோ டி விசென்சோ மிக அருமையாக ஆடினார். அன்று அவருக்கு 45-ஆவது பிறந்த நாள். 17-ஆவது குழியை மூன்று அடிகளில் முடித்தார். உடன் ஆடியவர் தவறாக நான்கு என்று குறித்துவிட்டார். விசென்சோ சரிபாராமல் கையெழுத்திட்டார். குறைத்து எழுதிக் கையெழுத்திட்டால் ஆட்டத்திலிருந்தே நீக்கம். கூட்டி எழுதிக் கையெழுத்திட்டால் கூடிய எண்ணே நிலைக்கும். கோடிக்கணக்கான கண்கள் மூன்றைக் கண்டிருந்தும் நான்கே நின்றது. சமநிலைக்கு உரிய வாய்ப்பும் போயிற்று. உண்மை பேசுவது ஓர் அறம். கையெழுத்திடுமுன் படித்துப் பார்ப்பது அதனோடு ஒட்டிய மற்றோர் அறம். வீட்டுக் கடன் பத்திரத்திலும், குழந்தையின் பள்ளி விண்ணப்பத்திலும் நாம் கையெழுத்திடும் வேகத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த ஆட்டத்தில் இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. வல்லவரும் எளியவரும் சேர்ந்து ஆடும்போது, எளியவருக்கு அவர் தகுதிக்கு ஏற்பச் சில அடிகளைச் சலுகையாகக் கழித்துவிடுகிறார்கள். 2020-ஆம் ஆண்டு முதல் உலகம் முழுமைக்கும் ஒரே முறை வந்திருக்கிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு அதன்படி 54 வரை சலுகை எண் கிடைக்கும். தாத்தாவும் பேத்தியும் ஒரே திடலில் உண்மையாகவே போட்டியிடலாம். இச்சலுகையும் பழைய ஆட்டங்களின் நேர்மையான கணக்கின் மேலேதான் நிற்கிறது. பொய்க் கணக்கு எழுதியவன் பிறர் சலுகையையும் சேர்த்தே கெடுக்கிறான்.

ஆயினும், திடலில் கண்ட அனைத்தையும் புகழ்ந்துவிட்டு வருவது எங்களால் இயலவில்லை. எளியவர்க்குச் சலுகை தரும் அந்த ஆட்டத்தில், பையைச் சுமக்கும் பெரியவருக்கு என்ன சலுகை? மூன்று மணி நேரம் எங்களோடு ஏறி இறங்கினார். எங்களுள் எவரைக் காட்டிலும் அவருக்கு ஆட்டம் தெரியும். "நீங்கள் ஆடுவதுண்டா?" என்று கேட்டோம். சிறுவனாய் இருந்தபோது வளைந்த மரக்கிளையை வெட்டி மட்டையாக்கி ஆடியதைச் சொன்னார். எங்கள் வேண்டுகோளுக்கு இணங்கி, கடைசிக் குழியில் ஒரு பந்தை அடித்துக் காட்டினார். வயது எழுபதை நெருங்கிய அந்தத் தோள்கள் அவசரமின்றிச் சுழன்றன. பந்து நேரே சென்று கொடிக்கு அருகில் நின்றது. எங்கள் நால்வரின் அன்றைய அடிகளையெல்லாம் கூட்டினாலும் அந்த ஓர் அடிக்கு ஈடாகாது.

அத்தகைய கைகளுக்கு வாய்ப்புக் கிடைத்தபோது நாடே நிமிர்ந்து பார்த்திருக்கிறது. தில்லியில் பை சுமந்து வளர்ந்த அலி ஷேர் 1991-ஆம் ஆண்டு இந்திய ஓப்பன் போட்டியில் வென்றார்; 1993-இலும் வென்றார். பெங்களூரில் பை சுமந்த முனியப்பா 2009-ஆம் ஆண்டு அதே பட்டத்தைப் பெற்றார். பையைச் சுமப்பது இழிவும் அன்று. டோக்கியோ ஒலிம்பிக் போட்டி 2021-இல் நடந்தபோது பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் நான்காம் இடம் பெற்றாரே, அவருக்குப் பை சுமந்து நடந்தவர் அவரைப் பெற்ற தாய். தாய் சுமந்தால் அன்பு. ஏழை சுமந்தால் கூலி என்று நாம் நினைக்கலாகாது. இரண்டிலும் உழைப்பு ஒன்றே.

நீரைப் பற்றியும் ஒரு சொல். ஒரு முழுத் திடல் மிகப் பரந்த புல்வெளி. மலையில் மழை வளர்க்கிறது. சமவெளியில், அதுவும் வறண்ட நம் தக்காண மேட்டில், புல் பசுமையாக இருக்க வேண்டுமானால் நாள்தோறும் நீர் பாய்ச்ச வேண்டும். சித்திரை வைகாசியில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நின்ற நம் தாய்மார்களுக்கு அதன் பொருள் விளங்கும். கழிவுநீரைத் தூய்மைசெய்து புல்லுக்குப் பயன்படுத்தும் முறை உலகில் பல இடங்களில் உண்டு. குடிநீர் குடத்துக்கு, தூய்மை செய்த நீர் புல்லுக்கு என்பதே நேர்மையான கணக்கு. அடிகளை நேர்மையாக எண்ணும் ஆட்டத்துக்கு, நீரையும் நேர்மையாக எண்ணுவது கடினமா என்ன?

பெரியோர்களே, இவ்வளவும் எதற்குச் சொன்னோம்? நம் பிள்ளைகள் அனைவரும் கோல்ப் ஆட வேண்டும் என்பதற்காக அன்று. அதற்கு வேண்டிய பொருள் நம்மிடம் இல்லை. ஆனால் அந்தத் திடலில் விலைமதிப்பு மிக்க பொருள் ஒன்று இருக்கிறது. அதற்குக் கட்டணம் கிடையாது. யாரும் பாராத இடத்தில் தன் கணக்கைத் தானே சரியாக எழுதும் பழக்கமே அது. அதை நாங்கள் மலையிலிருந்து கொண்டுவந்திருக்கிறோம். பிறந்த மண்ணை விட்டுப் பிழைக்க வந்த நமக்கு, நம்மை இவ்வூரார் நம்பி வீடு கொடுத்ததற்கும், அலுவலகத்தில் பணப் பெட்டிச் சாவியை நம்மிடம் ஒப்படைத்ததற்கும் காரணம் அந்தப் பழக்கமே அல்லவா? நம் முன்னோர் சேர்த்து வைத்த அந்த முதலை நம் பிள்ளைகள் குறைத்துவிடலாகாது.

ஆகவே சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். வரும் ஆண்டு விளையாட்டு விழாவில் சிறுவர் கேரம், சதுரங்கம், பந்தெறிதல் ஆகிய போட்டிகளில் நடுவரை அகற்றிப் பாருங்கள். பிள்ளைகளே தங்கள் புள்ளிகளை எழுதட்டும். படித்துப் பார்த்துக் கையெழுத்திடட்டும். வயதில் மூத்தோருக்கும் மிகச் சிறியோருக்கும் தகுதி பார்த்துச் சலுகை கொடுங்கள். முதல் ஆண்டு சில கணக்குகள் பிழைபடலாம். பிழைபட்டாலும் பெற்றோர் எழுந்து சண்டையிடாமல் இருந்தால் போதும். அதுவே கடினமான போட்டி என்று எங்களுக்குத் தெரியும்!

விழாவுக்கு நாற்காலி சுமந்து போட்ட தம்பிகளுக்கும், அடுக்களையில் நின்று உணவு ஆக்கிய சகோதரிகளுக்கும், ஒலிபெருக்கி கட்டிய தோழருக்கும் மாலை விழுவது இல்லை. பையைச் சுமப்பவர்கள் அவர்களே. அவர்களையும் இந்த மேடைக்கு அழைத்து ஒரு முறை கைதட்டிவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குச் செல்வோம்.